முனிரத்தினத்தின் கட்டைவிரல் நகம்

2018 ஜூன் 11, திங்கள்

ஜனவரியில் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் பீரோவில் சும்மா கிடந்தது. இன்று எரிச்சல் தாங்காமல் எடுத்தேன்.

எரிச்சலுக்குக் காரணம் ஒரு கால் நகம்.

பெயர் முனிரத்தினம், வயது நாற்பத்தாறு. போச்சம்பள்ளிப் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறார். இரண்டு கால் கட்டைவிரல் நகமும் தடித்து, கறுத்து, மழையில் ஊறிய பலகைபோல ஓரத்தில் உதிர்கின்றன. தோல் டாக்டர் ஜெயசீலன் பதினான்கு மாதமாகப் பூஞ்சைக்கு மாத்திரை கொடுக்கிறார். துளியும் குறையவில்லை. எங்கள் தருமபுரி ஆஸ்பத்திரி லேபுக்கு இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் நான்தான் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை தெரிந்தது. டியூபில் வளர்க்க வைத்தால் ஒரு மாதமானாலும் ஒன்றும் வரவில்லை. இரண்டு ரிப்போர்ட்டிலும் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

நகத்தை வெட்டும்போது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மேடம், என் நகம் உங்க ரிஜிஸ்டர்ல பர்மனென்ட் ஆயிடுச்சு போல. பென்ஷன் ஏதாச்சும் உண்டா?"

"இந்தத் தடவ கண்டுபிடிச்சிடலாம்ண்ணே" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ!

"கண்டுபிடிச்சா நல்லதுங்க. இல்லாட்டி ஜூலை ஒம்பதாம் தேதி ரெண்டு நகத்தையும் பிடுங்கிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒட்டுக்கட்டுற சீசனுங்க அது. நாலாயிரம் கன்னுக்கு ஆர்டர் வாங்கி வெச்சிருக்கேன். காலைத் தூக்கிக்கினு கட்டில்ல கிடந்தா, கன்னு தானா ஒட்டிக்குமா?"

என்ன பூஞ்சை என்று தெரியாமல் நகத்தைப் பிடுங்கினால், முளைக்கும் புது நகமும் கறுப்பாகத்தானே வரும்?

அப்பாவுக்கு இரவு கோதுமை தோசை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றார். சர்க்கரை இருநூற்றைத் தாண்டி நிற்கிறது.

ஜூன் 12

பொட்டாஷ் கரைசலில் இரவு முழுக்க ஊறிய நகத்தைக் காலையில் பார்த்தேன். பூஞ்சை இழைகள் எக்கச்சக்கம். ஆனால் ஒன்று கவனித்தேன். வழக்கமாக நகத்தில் வரும் பூஞ்சை கண்ணாடிபோல் நிறமில்லாமல் நேராக ஓடும். இவை கோணல் மாணலாக ஓடுகின்றன, அங்கங்கே பழுப்பு நிறம் வேறு. முதல் இரண்டு தடவையும் இதைப் பார்த்திருப்பேன். 'பூஞ்சை உண்டு' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்பேன்.

ஜூன் 14

குளித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. பாதித் தலையில் சீயக்காயோடு அப்படியே நின்றேன்.

நகத்தை வளர்க்கும் டியூபில் நாங்கள் ஒரு மருந்து சேர்க்கிறோம். காற்றிலும் மண்ணிலும் இருக்கிற சாதாரணப் பூஞ்சைகள் வந்து கெடுக்காமல் இருக்க. நகத்தைத் தின்னும் வழக்கமான பூஞ்சை அந்த மருந்துக்கு அசையாது. சரி, முனிரத்தினத்தின் நகத்தில் இருப்பதே அந்த வெளிப்பூஞ்சைகளில் ஒன்றாக இருந்தால்? சோறு போட்டு, அதிலேயே விஷத்தையும் கலந்துவிட்டு, 'சாப்பிட வரவில்லை' என்று ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன்.

மத்தியானம் மருந்து சேர்க்காமல் பூஞ்சைக்கான கூழை நானே காய்ச்சி ஆறு டியூபில் ஊற்றினேன். மிச்சமிருந்த நகத்துணுக்குகளை அதில் வைத்தேன்.

ஜூன் 18, திங்கள்

வளர்ந்திருக்கிறது!

நாலே நாளில் டியூப் நிறைய. சாம்பல் நிறப் பஞ்சு, அடியில் கறுப்பு ஏறுகிறது. ஆறு டியூபிலும் அதே.

ஓடிப்போய் ஷம்ஷாத் மேடத்திடம் காட்டினேன். மேடம்தான் எங்கள் துறைத் தலைவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"சுகந்தி, இது டஸ்ட். ஜன்னலத் திறந்து வெச்சா இந்த மாதிரி பஞ்சு ஆயிரம் வரும். தூக்கிப் போடு."

"மேடம், ஆறுலயும் ஒண்ணே வந்திருக்கு. தூசின்னா ஆறுலயும் வேற வேற வரணுமில்ல?"

மேடம் டியூப்களை மறுபடி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "சரி. தனித்தனியா மூணு நாள், மூணு தடவை நகம் எடு. மூணுலயும் இதே வரணும். கூட வழக்கமான பூஞ்சை எதுவும் வரக் கூடாது. அப்ப நம்புறேன். அதுக்கு முன்னாடி ஜெயசீலன் கிட்ட வாயத் திறக்காத."

கோபம் வந்தது. ஆனால் நியாயம் மேடம் பக்கம்தான். தூசியை நோய் என்று சொல்லி ஒருவருக்கு மருந்து கொடுத்துவிடக் கூடாது. டியூப்களைத் தூக்கிப் போடவில்லை. இன்குபேட்டரின் பின் வரிசையில் இருக்கின்றன.

ஜூன் 22

முனிரத்தினத்தைப் போன் செய்து வரச் சொன்னேன். இரண்டாவது நகம் எடுத்தாயிற்று. ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து நின்றார். நோயாளிகளிடம் எதுவும் வாங்கக் கூடாது என்றேன்.

"இது நகத்துக்கு இல்லிங்க மேடம். போன் பண்ணிக் கூப்புட்டீங்கல்ல, அதுக்கு. பதினாலு மாசத்துல ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு வந்த மொதோ போனு."

கூடையை லேபில் எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தேன். இரண்டு பழம் வீட்டுக்கு வந்தது. நான் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் கொட்டைகூட மிச்சமில்லை. "மல்கோவா, அசல்" என்றார் அப்பா, வேட்டியில் கை துடைத்தபடி.

முனிரத்தினத்தைக் கேட்டதில் தெரிந்தது: நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்கிறார். செருப்புப் போட்டால் கன்றுகளின் இடையில் உட்கார்ந்து எழ முடியாதாம். மனைவி இறந்து ஏழு வருடம். பிள்ளைகள் இல்லை. அக்கா நாகம்மாதான் கூட இருக்கிறார். இது எதற்கும் நகத்துக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 26

இரண்டாவதும் அதே! இன்று மைக்ராஸ்கோப்பில் நிறுத்தி நிதானமாகப் பார்த்தேன். இழைகள் துண்டு துண்டாக உடைந்து, குட்டிப் பீப்பாய்களை வரிசையாக அடுக்கியதுபோல் சங்கிலி சங்கிலியாகக் கிடக்கின்றன. சில பீப்பாய்களுக்கு நடுவில் ஒரு கோடு. பென்சிலால் வரைந்தேன். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு அழகாக வரைந்ததில்லை. பதினேழு வருட வேலையில் இப்படி ஒன்றைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

ஜூன் 29

மூன்றாவது நகத்துக்கு இன்று வரவேண்டியவர் வரவில்லை. போன் அணைந்திருக்கிறது.

ஜூன் 30

இன்றும் அணைந்தே இருக்கிறது. வளர நாலு நாள் வேண்டும். ஒன்பதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான். ஒருவேளை வேறெங்காவது போய் இப்போதே பிடுங்கிக்கொண்டாரோ? பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மிக்சியைத் திருப்பிக் கொடுத்தேன். மாவு புளித்துப் போயிற்று.

ஜூலை 1, ஞாயிறு

காலை ஏழு மணி பஸ். பையில் பிளேடு, ஸ்பிரிட், பஞ்சு, காகித உறைகள்.

"ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரியா?" என்றார் அப்பா.

"சாம்பிள் எடுக்கணும்ப்பா."

"ஆஸ்பத்திரி வேலைக்கு அந்த மாம்பழக் கலர் சேலையா?"

கையில் கிடைத்தது அதுதான்.

நர்சரியைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. பஸ் நிறுத்தத்தில் பெயரைச் சொன்னதுமே "ஒட்டுக்கட்டுற முனிரத்தினமா?" என்று மூன்று பேர் வழி சொன்னார்கள். பச்சை வலைக்குக் கீழே பை பையாகக் கன்றுகள். நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தார். விரல்நீளக் கன்றின் தண்டைச் சீவி, தாய்மரத்துக் குச்சியைச் சீவி, இரண்டையும் சேர்த்து பிளாஸ்டிக் நாடாவால் சுற்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கன்றுக்குப் போய்விட்டார். அப்படி ஒரு வேகம். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் கத்தி கீழே விழுந்தது.

"மேடம்! என்னங்க இது, இவ்ளோ தூரம்!"

"போன் ஏன் எடுக்கல? செத்துப் போயிட்டீங்களோன்னு நெனச்சேன்" என்றேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதாம். என் எண் அதில்தான் இருந்ததாம். மழை விட்ட நேரம் பார்த்துக் குச்சி வெட்டாவிட்டால் ஒட்டுப் பிடிக்காதென்று, நாளைக்கு வரலாம் என்று இருந்திருக்கிறார். "ஆனா நீங்க எனக்காக வருவீங்கன்னு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் தண்ணீர் எடுக்கப் போனார்.

ஒரு கவிழ்த்த வாளியில் அவரை உட்காரவைத்து நகம் எடுத்தேன். நாகம்மா அக்கா காபியோடு வந்து, நகத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளம்பும்போதுதான் அந்த மரத்தைக் கவனித்தேன். குச்சி வெட்டும் தாய்மரங்களில் ஒன்று. ஒரு பக்கக் கிளை நுனியிலிருந்து காய்ந்து வந்திருந்தது. பட்டை வெடித்திருந்த இடத்தில் விரல் வைத்தேன். விரலில் கரி மாதிரி கறுப்புப் பொடி.

"ரெண்டு மூணு வருசமாவே இப்படித்தாங்க" என்றார். "காஞ்ச கெளைய வெட்டி, மிதிச்சு ஒடச்சு, மண்ணு காயாம கன்னுங்க அடியில மூடாக்கா போட்டுடறேன். வீணாக்கக் கூடாதில்ல?"

"எதால மிதிப்பீங்க?"

"காலாலதான்."

அவர் கால் நகத்தைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன். பட்டையை வெட்டி இன்னொரு உறையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே வந்தேன். அலுப்பே தெரியவில்லை.

ஜூலை 5, வியாழன்

இடது பக்கத் தட்டில் நகம். வலது பக்கத் தட்டில் மாம்பட்டை. இரண்டிலும் ஒரே சாம்பல் பஞ்சு, ஒரே கறுப்பு. மைக்ராஸ்கோப்பில் இரண்டிலும் அதே பீப்பாய்ச் சங்கிலி. பெயர் எழுதிய ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் எது மனிதன், எது மரம் என்று எனக்கே தெரியாது.

மேடத்தைக் கூப்பிட்டேன். உட்கார்ந்து பார்த்தார். முதல் ஸ்லைடு, இரண்டாவது, பழைய டியூப்கள், மறுபடி முதல் ஸ்லைடு. கால் மணி நேரம் இருக்கும்.

கடைசியில் தலையைத் தூக்காமலே கேட்டார்: "சுகந்தி, டீ குடிச்சியா?"

"இல்ல மேடம்."

"வா, கேன்டீனுக்குப் போலாம். நான் இதப் புத்தகத்துலதான் பார்த்திருக்கேன். மரத்துக்கு வர்ற நோயி. வெறுங்காலோட நடக்குற மனுசனையும் பிடிக்கும்னு படிச்சது. முப்பது வருசத்துல என் மேசைக்கு வந்ததில்ல." கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "வந்திருக்கும். டஸ்ட்டுன்னு நான் தூக்கிப் போட்டிருப்பேன்."

இரண்டு உளுந்து வடை வாங்கிக் கொடுத்தார். மேடம் யாருக்கும் வடை வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 6

நகம் பிடுங்குவது ரத்து! டாக்டர் ஜெயசீலன் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இந்தப் பூஞ்சை அந்த மாத்திரைக்கு மசியாதாம். இனி யூரியாக் களிம்பு பூசி நகத்தை மெத்தென்றாக்கி, கெட்ட பாகத்தைச் சுரண்டி எடுத்து, அடியில் வேறு மருந்து விட வேண்டும். வேலைக்குப் போகலாம், ஆனால் மூடிய ஷூ போட்டுத்தான். புது நகம் முழுசாக முளைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

"மாசா மாசம் லேபுக்கு வந்து காட்டணும்" என்று நான் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றுதான் சொல்லியிருந்தார். அடிக்கடி பார்ப்பது நல்லதுதானே.

மரத்துக்கும் வைத்தியம். காய்ந்த கிளைக்குக் கீழே ஒரு முழம் பச்சைக் கட்டையோடு வெட்டி எரிக்க வேண்டும், மூடாக்குப் போடக் கூடாது, கத்தியை மரத்துக்கு மரம் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும் என்று தோட்டக்கலை அதிகாரி ஒருவர் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 14

பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பியதற்குப் பதில் வந்தது. மரபணு பார்த்துப் பெயரை உறுதிப்படுத்திவிட்டார்கள்: நியோசைட்டாலிடியம் டிமிடியேட்டம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மூன்று தடவை சொல்லிக் காட்டினேன். "மாப்பிள்ளை பேரு மாதிரி இவ்ளோ ஆசையாச் சொல்ற" என்றார். எழுந்து போய் ரசம் வைத்தேன்.

முனிரத்தினம் ஷூவோடு வந்தார். வெள்ளை கான்வாஸ். பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தது. அடியில் புது நகம் ஒரு மில்லிமீட்டர், நல்ல இளஞ்சிவப்பு.

செப்டம்பர் 20

2.5 மி.மீ. சுரண்டிய இடம் சுத்தம்.

அக்டோபர் 23

4 மி.மீ. இன்று பேசும்போது 'அண்ணே' என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை. ஜூனிலிருந்து அப்படித்தானே கூப்பிட்டேன். பேர் சொல்லவும் முடியாது. 'ஏங்க', 'வாங்க', 'போங்க' என்று ஒப்பேற்றினேன். அவரும் 'மேடம்' சொல்லவில்லை. நகத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினோம். மாமரம் பூப்பதைப் பற்றி முக்கால் மணி நேரம்.

நவம்பர் 12

மேடம் அனுமதி கொடுத்துவிட்டார். ஐந்து வருடப் பழைய ரிஜிஸ்டர்களைப் புரட்டி, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை தெரிந்தும் வளராமல் போன பெயர்களைப் பொறுக்கினேன். முப்பத்தொன்று. முப்பத்தொன்றிலும் என் கையெழுத்து. எல்லாருக்கும் கடிதம் எழுதினேன், இலவசமாக மறுபடி பார்க்கிறோம், வாருங்கள் என்று.

டிசம்பர் 19

பதினெட்டுப் பேர் வந்தார்கள். மூன்று பேருக்கு முனிரத்தினத்தின் பூஞ்சை. ராயக்கோட்டையில் பூப்பறிக்கும் கற்பகவல்லி என்ற பெண்ணுக்கு வேறொன்று. தட்டில் பாலாடைபோல் வெள்ளையாக வந்து ரோஜா நிறமானது, மைக்ராஸ்கோப்பில் பிறை நிலா வடிவ வித்துகள். மூன்று தடவையும் அதுவேதான். பெயர் ஃபியூசேரியம். ஆறு வருடமாகக் கொலுசு போடாமல், காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு உட்காருகிறவள். "இதுக்குப் பேரு இருக்குதாக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "பேரு இருந்தா மருந்தும் இருக்கும்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இனி எங்கள் லேபில் எந்த நகம் வந்தாலும் இரண்டு டியூப். ஒன்றில் மருந்து, ஒன்றில் இல்லாமல். மேடம் எழுதிக் கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார்.

2019 பிப்ரவரி 8

முனிரத்தினம் பதறியடித்துக்கொண்டு வந்தார். புது நகத்தில் கறுப்புப் புள்ளி! துணுக்கு எடுத்து ஊறவைத்தேன்.

பிப்ரவரி 9

பூஞ்சை இல்லை. ரத்தக் கட்டு. நன்றாக விசாரித்த பிறகு ஒத்துக்கொண்டார்: மண் நிரப்பிய தொட்டியைக் காலில் போட்டுக்கொண்டிருக்கிறார். "ஷூ எங்க போச்சு?" என்று கத்தினேன். "தோய்ச்சுக் காயப்போட்டிருந்தேனுங்க." மேடம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "சுகந்தி, வைஃப் மாதிரி சத்தம் போடாத, பேஷன்ட்டு பயந்துடுவாரு." இருவரும் வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மே 26, ஞாயிறு

அப்பா காலையில் 'லைப்ரரி' போனார். மாலை ஐந்து மணிக்குத் திரும்பினார், கையில் ஓர் ஒட்டுக்கன்று. செருப்பெல்லாம் செம்மண்.

"லைப்ரரில மாங்கன்னு தர்றாங்களா?"

"நல்ல மனுசன்மா" என்றார், நான் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல். "ரெண்டு பழம் நறுக்கி வெச்சாங்க, அந்த அக்கா. சர்க்கரைன்னு சொன்னேன், உடனே ஒண்ண எடுத்துட்டாரு. எனக்கே கோவம் வந்துடுச்சு."

நான் ஒன்றும் கேட்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன் மணமுறிவுக் காகிதத்தோடு நான் திரும்பி வந்தபோதும் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 21

இரண்டு நகமும் முழுசு. நுனி வரை இளஞ்சிவப்பு. கடைசியாக வைத்த டியூப்கள் நாலு வாரமாக வெறுமையாகவே இருக்கின்றன, இரண்டு வகையும். டாக்டர் ஜெயசீலன் சீட்டில் 'குணமாகிவிட்டது, இனி வரத் தேவையில்லை' என்று எழுதினார்.

லேபில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தார். மறுபடி எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

"அப்ப அடுத்த மாசம் வர வேணாமுங்களா?"

"வேணாம்" என்றேன். வேறென்ன சொல்ல?

ஆகஸ்ட் 27

இன்குபேட்டரைத் துடைத்தேன். சந்தோஷமான விஷயம்தான். ஒரு வாரமாகச் சாதத்தில் உப்புப் போட மறக்கிறேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இந்த டைரியில் நான் நிறைய விஷயங்களை எழுதாமல் விட்டிருக்கிறேன். இன்றாவது உள்ளதை எழுதுகிறேன்.

காலை ஏழு மணி பஸ்ஸில் போனேன். பையில் பிளேடு இல்லை, ஸ்பிரிட் இல்லை, உறை இல்லை. எங்கே போகிறாய் என்று அப்பா கேட்கவில்லை. மாம்பழக் கலர் சேலையைத் தானே கொடியிலிருந்து எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்துகொண்டார்.

நர்சரியில் நாள் முழுக்க இருந்தேன். கிளை வெட்டிய தாய்மரம் நாலு பக்கமும் தளிர்விட்டிருந்தது. நாகம்மா அக்காவின் புளிக்குழம்பு சாப்பிட்டேன். பத்து கன்றுக்கு நாடா சுற்றினேன், எட்டை அவர் பிரித்து மறுபடி சுற்றினார். எதற்கு வந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாலரை ஆயிற்று. அவர் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்தார். தூரத்தில் பஸ் தெரிந்தது. இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"எனக்கு நாப்பத்திரண்டு வயசு" என்றேன். "ஒரு தடவ கல்யாணம் ஆகி, ஒத்து வரல. அப்பாவ விட்டுட்டு வர முடியாது. ஆஸ்பத்திரி வேலைய விட மாட்டேன். இதெல்லாம் சம்மதம்னா, நாம ரெண்டு பேரும் கட்டிக்கலாமான்னு கேக்கலாம்னுதான் வந்தேன்."

அவர் வாய் திறப்பதற்குள் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "ஏறும்மா, ஏறும்மா" என்று விசில் ஊதினார். ஏறினேன். திரும்பிப் பார்த்தால் அவரும் பின்னாலேயே ஏறி நிற்கிறார். முழங்கால் வரை மண், தோளில் நாடாத் துணுக்கு, மடித்துக் கட்டிய வேட்டி.

"எங்க வர்றீங்க, இந்தக் கோலத்துல?"

"உங்க அப்பா கிட்டதான். போன மே மாசமே வந்து கேட்டுட்டுப் போனாரு. பொண்ணு மனசு தெரியாம எப்படிங்க பதில் சொல்றதுன்னு இத்தன நாளா..." முகமெல்லாம் சிரிப்பு.

கண்டக்டர் வந்து கையை நீட்டினார். "எங்கப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"தருமபுரி" என்றார். "ரெண்டு."